அக்கா ஏறிய கார் எரிமலைக்குப் போனது

1

எங்கள் மலை வெடித்ததைப் பற்றி கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு கதை உலாவுகிறதாம். ஒரு கதையில் என் அக்கா நெருப்பைத் தாண்டிப் பாய்ந்து உயிர் தப்பியிருக்கிறா. மற்றதில் சொத்துக்கு ஆசைப்பட்டு நான்தான் அவவை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். சொத்து என்றால் என்ன? ஐந்தாம் மாடியில் ஒரு ஃபிளாட், நினைத்த நேரம் நிற்கிற ஒரு லிஃப்ட். சரி, வாய் இருக்கிறவர்கள் கதைக்கட்டும். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன். இதற்கு மேலும் கைகால் வைக்க விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

நான் ஜெசிந்தா, கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. இளம் வயதில் மொரீசியஸுக்குத் தையல் ஃபாக்டரி வேலைக்குப் போனேன். அங்கே சொந்தக்காரரைப் பார்க்க வந்த ழான் என்கிற மனுசனைக் கலியாணம் கட்டி, பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கு வந்து சேர்ந்தேன். இது பிரான்ஸ்காரனுடைய தீவுதான், ஆனால் கிடப்பது இந்து சமுத்திரத்தில், மடகஸ்காருக்குக் கிழக்கே. பாரிஸ் என்று நினைத்து எனக்குக் குளிர்த் தொப்பி பின்னித் தந்துவிட்ட கொட்டாஞ்சேனை மாமிமாருக்கு இதை இருபத்தைந்து வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ழானின் குடும்பப் பெயர் முத்துசாமி. ஒரு காலத்தில் கரும்பு வெட்ட இங்கே கொண்டுவரப்பட்ட தமிழரின் வழி வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அந்த முத்துசாமிதான். அதையும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்.

அக்காவின் பெயர் ரீட்டா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவ, ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மகன்களில் ஒருவன் டொரொண்டோ, மற்றவன் மெல்பேர்ன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கை முறிந்து, அக்கா களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தா. மகன்மார் இரண்டு பேரும் வீடியோவில் வந்து நன்றாக அழுதார்கள். தலை வாரி இழுத்துவிட்டதும் சோறு தீத்தினதும் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு சிங்கள மனுசி. அதைக் கேட்ட அன்றைக்கே முடிவெடுத்தேன், அக்காவை என்னோடு கொண்டுவந்து வைத்திருக்கிறதென்று.

"உன்ர எரிமலைக்கோ?" என்றா அக்கா. "கை முறிஞ்சது காணாதெண்டு மிச்சத்தையும் எரிக்கப் போறியோ?"

2

ஒரு வருஷம் கெஞ்சிய பிறகு, "சும்மா பார்த்திட்டு வாறன்" என்று சம்மதித்தா. கொழும்பில் விசாவுக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளை, போனால் திரும்பி வருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்குச் சரியான கோபம். "பிள்ளை, மூண்டு மாசம் எப்பிடித் தாங்கப்போறன் எண்டு நானே யோசிக்கிறன். அங்க மலையில நெருப்பு, தெருவில பிரெஞ்சு. நான் அங்க என்னத்துக்கு நிக்கப்போறன்?" கிடுகிடென்று விசா வந்துவிட்டது. எங்கள் பரம்பரையில் விசாக் கந்தோரில் உண்மை பேசிய முதல் ஆள் அவதான்.

வந்து இறங்கின நாளே விமர்சனம் தொடங்கிவிட்டது. பாண் கல்லு மாதிரி. மீன் வெட்டத் தெரியாத சனம். எங்கள் ஊர்க் காளி கோயிலில் பூசாரி தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்து வாசிப்பதைக் கண்டு அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. "நான் மாதா கோயில் வேதக்காரி. எனக்கே உது பாடம்! சாமி என்னெண்டு பொறுக்குது?" ழானைப் பார்த்து, "முத்துசாமி எண்டு பேரை வைச்சுக்கொண்டு இந்த மனுசன் கூனிறாலை என்ன எண்டு கேக்குது" என்று தலையில் கை வைத்தா. ழானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மச்சாள் தன்னைப் புகழ்கிறா என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

என் மகள் மெலானிக்கும் பெரியம்மாவுக்கும்தான் பொருந்தியது. மெலானி எரிமலை படிக்கிறவள், இங்குள்ள மலை அவதான நிலையத்தில் பயிற்சிக்குப் போய்வருகிறாள். அவளுடைய தமிழில் உலகத்தில் எல்லாரும் அவன். பெரியம்மாவும் அவன், பூனையும் அவன், எரிமலையும் அவன். "பெரியம்மா சாப்பிட்டானா?" என்று கேட்பாள். அக்கா முதல் நாள் திருத்தினா. இரண்டாம் நாள் ஏசினா. மூன்றாம் நாள், "ஓம் மகள், சாப்பிட்டான்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டா.

ஒரு காலை அக்கா குசினியில் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு நின்றா. மெலானி வந்து ஒரு மெல்லிய ரொட்டியைச் சாமணத்தால் தூக்கி, காஸ் நெருப்புக்கு மேலே பிடித்து, மெல்ல மெல்ல ஒரு பக்கமாக இழுத்தாள். ரொட்டியில் வரிசையாகக் கறுப்புப் பொக்களங்கள் எழும்பின.

"சாப்பாட்டை நாசமாக்காதை!"

"பெரியம்மா, பார். அடுப்பு அசையாது. ரொட்டிதான் போகுது. கடலுக்கு அடியில தரை இப்பிடித்தான் போகுது. அடியில ஒரு நெருப்பு, அவன் ஒரே இடம். மேல ஓட்டை போட்டு வருவான், கல்லு உருகி வரும், குவியும், கடலுக்கு மேல தலை காட்டும். அது ஒரு தீவு. பிறகு தரை அந்தத் தீவை இழுத்துக்கொண்டு போகும். நெருப்புக்கு மேல புது இடம் வரும். அங்க இன்னொரு தீவு."

"போற தீவுக்கு என்ன நடக்கும்?"

"ஆறும். கிழவனாகும். மழையும் கடலும் சாப்பிடும். அடியில தரையும் குளிர்ந்து பதியும், தீவும் அதோட சேர்ந்து பதியும். இந்தக் கடைசிப் பொக்களம் இருக்கிறதுதானே, இது நாங்கள், ரீயூனியன். இதுக்கு முதல் மொரீசியஸ். அதுக்கு முதல் உள்ளவன் கடலுக்குள்ள போயிட்டான். அப்பிடியே வடக்க போனால் மாலைதீவு, லட்சதீவு. ஆக முதல் பொக்களம் இந்தியாவில, தக்காணத்தில. அது ஆறரைக் கோடி வருஷம்."

"எவ்வளவு வேகமாப் போகுது?"

"நகம் வளர்ற மாதிரி."

"அப்ப எங்கட காணி வழக்கும் புதுக்கடைக் கோட்டில உந்த வேகத்திலதான் போனது," என்றா அக்கா. பிறகு அகப்பை அந்தரத்தில் நிற்க, "மாலைதீவோ?" என்று கேட்டா.

அக்கா கலியாணத்துக்கு முன் இரண்டு வருஷம் மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவ. வெள்ளை மணல், தட்டைத் தீவு, தென்னை மரத்தை விட உயரமாக ஒன்றும் இல்லை. மெலானி சொன்னாள், அந்த மணல் பவளம், பவளத்துக்கு அடியில் இருப்பது தாழ்ந்துபோன எரிமலை, அதைக் கக்கினதும் இதே நெருப்புத்தான் என்று. பிற்காலத்தில் நடுக்கடலில் தரை பிளந்ததாம். மாலைதீவு ஒரு பக்கம் போக, மொரீசியஸ் பிறகு மற்றப் பக்கத்தில் பிறந்ததாம். ஒரே அடுப்பில் பிறந்ததுகளுக்கு இரண்டு பாஸ்போர்ட். எங்கள் வீட்டுக் கதை கடலுக்கடியிலும் நடந்திருக்கிறது என்று நான் சொன்னேன்.

"அப்ப நான் ரெண்டு வருஷம் எரிமலைக்கு மேல நிண்டு பின்னம் படிப்பிச்சனான்," என்றா அக்கா. "ஒருத்தரும் சொல்லேல்ல. என்ர வேலைக் கொந்திறாத்துக் கடுதாசியில போடவேயில்லை."

பிறகு மெலானியிடம் கேட்டா: "எங்கட இலங்கை எப்பிடி மகள்? அதுக்கும் அடியில நெருப்போ?"

"இல்லை பெரியம்மா. அவன் சரியான பழைய கல்லு. எரிமலை இல்லை."

"அதுதானே. எரிக்கிறதுக்கு அங்க ஆக்கள் போதும்," என்றுவிட்டு அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டா.

3

ஒரு பையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே எப்போதும் ஒரு பை இருக்கும். ஐடென்டிட்டி கார்ட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், நகை, மாற்று உடுப்பு, ஒரு பக்கெற் பிஸ்கட். எண்பத்திமூன்றாம் ஆண்டு தமிழரை அடித்து எரித்த கலவரத்தில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் மாதா கோயிலுக்கு ஓடினோம். அக்கா எனக்கு ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையைப் போட்டு இழுத்துக்கொண்டு போனா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. 'பயப்பட ஒன்றும் இல்லை' என்று ரேடியோ எப்போது சொல்கிறதோ, அப்போது பையை இறக்க வேண்டும்.

இந்தத் தீவுச் சனத்தின் சட்டம் வேறு. இங்கே மலை வெடித்தது என்றால் அண்டாவில் சோறு போடுவார்கள். எரிகுழம்பு வழமையாக ஆள் இல்லாத பக்கமாகத்தான் கடலுக்கு இறங்கும். அதனால் அது இவர்களுக்குத் திருவிழா. பாய், தண்ணிப் போத்தல், கைப்பிள்ளை, கிழவி, கோழிக்கறிச் சட்டி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு நெருப்புப் பார்க்கப் போவார்கள். அக்காவுக்கு இதைச் சொல்லிவைத்திருக்க வேண்டும். குழிப் பணியாரத்தில் இருந்து நல்லெண்ணெய் வரைக்கும் எல்லாம் கதைத்தோம், இது மட்டும் வாயில் வரவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. நான் சந்தைக்குப் போய்விட்டேன். ழான் மீன் பிடிக்கப் போய்விட்டார். காலையில் மலை வெடித்தது. அவதான நிலையத்தில் இருந்து மெலானி அக்கறையாகப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "பெரியம்மா, பயமில்லை. அவன் மற்றப் பக்கம் போறான்," என்று சொல்லியிருக்கிறாள்.

பயமில்லை! அக்காவுக்கு வேறென்ன வேணும்?

ஜன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறா. தெரு முழுக்கச் சனம். பாயும் சட்டியும் பிள்ளையும் காருக்குள் ஏறுகிறது. எல்லாரும் கத்துகிறார்கள், எல்லாரும் அவசரப்படுகிறார்கள். எண்பத்திமூன்றில் கொட்டாஞ்சேனையும் அச்சொட்டாக அப்படித்தான் இருந்தது என்று பிறகு எனக்குச் சொன்னா. உடனே பையை அடுக்கிக்கொண்டு படலையில் போய் நின்றிருக்கிறா. பக்கத்து வீட்டு மதாம் லூசிக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. மலையைக் காட்டி, இரண்டு கையாலும் "பூம்!" என்று செய்து, தன் காரைக் காட்டி, வா வா என்று கூப்பிட்டிருக்கிறா. அக்கா கண்ணீர் மல்கக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறிவிட்டா. பையை மடியில் வைத்திருந்ததைப் பார்த்த லூசி, உள்ளே சாப்பாடு என்று நினைத்திருக்கிறா.

சந்தையில் நிற்கையில் லூசியின் போன் வந்தது. "உன் அக்கா எங்களோடு. சரியான சந்தோஷமான மனுசி, பாடிக்கொண்டே வருகிறா!"

அக்கா பாடவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தா.

4

ழானையும் ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. கரைத்தெருவில் ஒரு மைல் கட்டைக்கு மேல் கார் வரிசை. ஒரு ஐஸ்கிரீம் வண்டிகூட நின்றது. மேலே மலைச் சரிவில் எரிகுழம்பு இறங்குவது தெரிந்தது. கறுப்புப் படை வெடித்து உள்ளுக்குள் சிவக்கும், சிவந்தது மெல்லக் கறுக்கும், திரும்ப வெடிக்கும். சத்தம் கண்ணாடித் துண்டுகள் உருளுவது மாதிரி.

அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தா. சேலைக்கு மேலே என் குளிர்ச்சட்டை, அதற்கு மேலே ழானின் மழைக்கோட்டு. என் காப்பெல்லாம் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும். கோயில் திருவிழா உடுப்பு என்று நினைத்து இரண்டு பெண்கள் அவவோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் பை. பைக்கு மேலே ஒரு தட்டில் லூசியின் கோழிக்கறியும் சோறும்.

"அக்கா, எங்க போறம் எண்டு நினைச்சு ஏறினீங்கள்?"

"கோயிலுக்கு. இல்லாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு. அகதியளை அங்கதானே வைக்கிறது. பாத்தால் கார் நெருப்பை நோக்கிப் போகுது! நான் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு குழறுறன், அந்த மனுசி சிரிச்சுச் சிரிச்சு எனக்கு ரொபி இனிப்புத் தருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அக்காவும் தொடங்கினா, பிறகு பாதியில் நின்றுவிட்டா.

"பார், எவ்வளவு சனம் நெருப்பைப் பாக்க ஓடி வருகுது," என்றா. "எங்களைப் பாக்க நெருப்பெல்லோ ஓடி வந்தது."

சொல்லிவிட்டு அழுதா. அத்தானின் செத்தவீட்டில்கூட ஆட்களுக்குத் தேத்தண்ணி காணுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றவ, அந்த ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதா. எனக்கும் அடக்க முடியவில்லை. ழான் என்ன ஏது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரின் முதுகையும் மாறி மாறித் தடவினார். லூசி, மலையின் அழகைப் பார்த்துத்தான் அழுகிறார்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னா. அவர்கள் எங்களை மரியாதையாகப் பார்த்தார்கள்.

மெலானி செம்மஞ்சள் சட்டையோடு வந்தாள். கடலுக்குள் விழுந்து இறுகிற கல்லைக் காட்டி, "பெரியம்மா, இந்த நிலம் நேற்று இல்லை. அவன் இண்டைக்குப் பிறந்தவன்," என்றாள்.

அக்கா மூக்கைத் துடைத்தா. "இண்டைக்குப் பிறந்ததுக்கே உவ்வளவு ஆர்ப்பாட்டமோ? இதுவும் கொஞ்ச நாள் நிண்டிட்டு ஒரு பக்கமாப் போகத்தானே போகுது." பிறகு தட்டைப் பார்த்து, "கறிக்கு உறைப்புக் காணாது," என்றா.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். அக்காவுடையது என்று உள்ளே இருந்தது பாஸ்போர்ட் ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்களுடையது. மெலானியின் ஞானஸ்நான உடுப்பு, என் கலியாணப் படம், ழானின் பிரஷர் குளிசை. தன்னுடைய சேலைகளை அலுமாரியிலேயே விட்டுவிட்டு எங்கள் குடும்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறா. அந்த நிமிஷமே எனக்குள் ஒன்று உறுதியாகிவிட்டது. இந்த மனுசியை நான் திரும்பிப் போக விடக்கூடாது.

இனி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மெலானி மேற்படிப்புக்குப் பிரான்ஸுக்குப் போகிறாள். அங்கே நடு நாட்டில் அணைந்துபோன எரிமலைகள் இருக்கிறதாம். வீட்டு வாசலில் உயிரோடு ஒன்று குமுறிக்கொண்டிருக்க, செத்ததைப் படிக்கப் போகிறாள். போனவள் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பினேனா? அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் ழானும். ழான் தங்கமான மனுசன், ஒரு குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏசினால் விளங்காது. எனக்கோ கோபம் வந்தால் பிரெஞ்சு ஓடிவிடும். ஏச்சு விளங்காத மனுசனோடு எத்தனை காலம்தான் சண்டை பிடிக்கிறது? அக்கா வந்த பிறகுதான், கன வருஷத்துக்குப் பிறகு, நான் ஒரு நாளைக்கு மூன்று தரமாவது தமிழில் சண்டை பிடித்தேன். உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

5

விசா முடிய முதல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரரின் கந்தோருக்குப் போனேன். அக்கா நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. "உன்ர விருப்பம்," என்றா. கூட நாள் தங்குவதென்றால் விசேஷ காரணம் வேணும். நான் காரணம் எழுதியிருந்தேன். அக்கா நோய் வருத்தக்காரி, தனி ஆள், கை ஏலாது, என்னை நம்பித்தான் இருக்கிறா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெடியன், காதில் கடுக்கன். நான் மொழிபெயர்த்துச் சமாளிக்கலாம் என்று ஆயத்தமாக நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, மரியாதையாக, எனக்கு இங்கிலீசு தெரியும் என்றான்.

"உங்களைப் பார்த்துக்கொள்வது உங்கள் தங்கச்சியா?" என்று கேட்டான்.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. வகுப்புக்குள் வந்த டீச்சரின் இங்கிலீசு வெளியே வந்தது. "என்னைப் பார்த்துக்கொள்வதா? தம்பி, இவளுக்குச் சட்டை போட்டு வளர்த்ததே நான். எனக்குப் பென்ஷன் இருக்கிறது. வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்கிறது. கை முறிவு நல்லாக மாறிவிட்டது." மாறின கையைத் தலைக்கு மேல் தூக்கியும் காட்டினா. "நான் ஒருவரையும் நம்பி இல்லை. இவளைப் பார்க்கத்தான் வந்தேன்."

பெடியன் சந்தோஷமாக எல்லாவற்றையும் தட்டிக்கொண்டான். அப்படியென்றால் விசேஷ காரணம் ஒன்றும் இல்லை, மதாம், என்றான்.

வாசல் படியிலேயே நான் தொடங்கிவிட்டேன். "உங்களுக்கென்ன விசரோ அக்கா? அந்தக் கையை ஏன் தூக்கினீங்கள்? ஒரு நிமிஷம் சும்மா நோயாளி மாதிரி நிக்க ஏலாதோ?"

"உன்னை நம்பி இருக்கிறன் எண்டு அந்தப் பெடியனுக்கு முன்னால சொல்லவோ? களுபோவிலயில கிடக்கேக்கையே நான் என்ர பிள்ளையளுக்கு அப்பிடிச் சொல்லேல்ல."

"சொல்லியிருந்தால் இங்க நிண்டிருக்கலாம்!"

"நீ ஏனடி அப்பிடி எழுதினனி?"

"வேற என்ன எழுதுறது?"

அக்கா படியில் இருந்தா. "மெலானி போன பிறகு உனக்கு ஆர் இருக்கினம்?"

"ழான் இருக்கிறார்."

"அவர் சரி. வேற?"

நானும் அவவுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அப்ப அதை எழுதியிருக்கலாமே. அக்கா இல்லாட்டி எனக்கு ஏலாது எண்டு. அது பொய்யில்லைத்தானே."

"பிரெஞ்சில அதெல்லாம் எனக்கு எழுத வராது."

"உனக்குத் தமிழிலயே வரேல்ல," என்றா அக்கா. "மூண்டு மாசமாக் காத்துக்கொண்டிருக்கிறன்."

நான் திரும்பிப் படியேறி ஓடினேன். பெடியன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று, அவ இல்லை, நான், நான் என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அவன் புன்னகையோடு மணிக்கூட்டைக் காட்டினான். இரண்டு மணிக்கு, மதாம். பிரான்ஸ்காரன் உலகம் முடிகிறதென்றாலும் முதலில் சாப்பிடுவான்.

இரண்டு மணி வரைக்கும் நானும் அக்காவும் அந்தப் படியில் வெயிலுக்குள் இருந்து, ஆர் ஆரைப் பார்த்துக்கொண்டது என்று சண்டை பிடித்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் விலகி நடந்தார்கள். ஒரு காவல்காரன் வந்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். இல்லை, இது என் அக்கா என்றேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டதும் அக்காதான் முதலில் எழும்பினா. சேலையைத் தட்டிவிட்டு என் கையைப் பிடித்தா.

"வா," என்றா. "இந்த முறை நீ சொல்லு. நான் வாயே திறக்கமாட்டன்."